ஆரையம்பதி ஓடாவி செஞ்சு தந்த குருவிக்கூடு, ஒரு வருசம் பாவிச்சிட்டு எழுதுறன்

முதல்ல மட்டக்களப்பு டவுன்ல ஒரு கடையில 3200 ரூபாக்கு ரெடிமேட் கூடொண்டு வாங்கினன். சிவப்புக் கூரை, முன்னால குந்துறதுக்கு ஒரு குச்சி, பாக்க நல்ல வடிவு. கல்லடியில எங்கட வளவு மாமரத்துல கட்டி நாலு மாசம், ஒரு குருவி உள்ள போகல்ல. ஓட்டை ரெண்டு இஞ்சிக்கும் மேல, மைனா தலையை விட்டுப் பாக்கும், குச்சியில காகம் வந்து குந்தும். மார்கழி மழைக்கு அடி ஊதி வெடிச்சிட்டு, பாத்தா அது ப்ளைவுட். உள்ளுக்கும் பெயின்ட் அடிச்சிருந்தாங்க. வாங்காதீங்க.

பிறகுதான் ஆரையம்பதியில கதவு, நிலை செய்யிற ஓடாவி ஒராளிட்ட அளவை எழுதிக்கொண்டு போனன். சிட்டுக்குருவிக்கு ஓட்டை 32 மில்லிமீற்றர், அதாவது ஒண்டேகால் இஞ்சி, அதுக்குள்ள மைனா நுழைய ஏலாது. "குந்துறதுக்குக் குச்சி வேணாமா தம்பி?" எண்டு கேட்டார். "வேணாம் அண்ணன், குருவி விளிம்புலயே தொத்திக்கும், குச்சி வெச்சா காகத்துக்குத்தான் வசதி" எண்டன். உள்பக்கம் சீவுளி போடாதீங்க, குஞ்சு கால் ஊண்டி ஏறி வரோணும் எண்டு சொன்னதும் மனுசன் உளியை எடுத்து ஓட்டைக்குக் கீழ உள்பக்கமா ஏணிப்படி மாதிரி அஞ்சாறு கீறல் போட்டுத் தந்தார் பாருங்க, அதை நான் கேக்கவே இல்ல, அந்த இடத்துல எனக்கு மனசு நிறைஞ்சிட்டு. வேப்பம் பலகை, கூரை முன்னால ரெண்டு இஞ்சி நீட்டு, அடியில நாலு மூலையிலயும் தண்ணி வடிய ஓட்டை, பக்கத்துல திறக்கிற கதவு. 2500 ரூபா.

குறை ரெண்டு. மூண்டு நாள் எண்டவர் மூண்டு கிழமை சுணங்கிட்டார். கதவுப் பிணைச்சல் (கீல்) இரும்புல போட்டதால கடல் காத்துக்கு ரெண்டு மாசத்துல துருப் பிடிச்சிட்டு, பித்தளை வாங்கி நானே மாத்தினன்.

இந்த முறை மரத்துல கட்டல்ல, பூனையும் சாரைப்பாம்பும் ஏறும். விறாந்தைத் தாவாரத்துக்குக் கீழ எட்டடி உயரத்துல, வாடைக்காத்து மழை சாத்தாத பக்கம் அடிச்சன். ஒரு மாசத்துல தொண்டை கறுத்த ஆண்குருவி வந்து ஓட்டை வாசல்ல நிண்டு நாள் முழுக்கக் கத்திச்சி, பிறகு பொட்டையும் வந்து, தும்பு, வைக்கோல், பக்கத்து வீட்டுக் கோழி இறகு எண்டு ரெண்டும் அள்ளிக்கொண்டு போச்சிதுகள். குஞ்சு பொரிச்சாப் பிறகு வாயில புழுவோட ஓயாம வந்து போகும், அதனால கத்தரிக்கு மருந்தடிக்கிறதையே நிப்பாட்டிட்டம். குஞ்சு பறந்து போனதும் கதவைத் திறந்து பழைய கூட்டை எடுத்துத் துப்பரவாக்கினன், அடுத்த சோடி வந்திட்டு.

செலவழிக்க ஏலாதாக்கள் எங்கட அம்மம்மா செஞ்ச மாதிரி மண்முட்டியில ஓட்டை போட்டு விறாந்தையில தொங்க விடுங்க, அதுக்கும் குருவி வரும், ஆனா உள்ள துப்பரவாக்கிறதுதான் கஷ்டம்.

அஞ்சுக்கு நாலரை குடுப்பன். செய்விக்கிறதெண்டா பித்தளைப் பிணைச்சல் எண்டு முதலே சொல்லுங்க, மழைக்கு முதல் ஓடர் குடுங்க. நான் இப்ப குண்டுக்கரிச்சானுக்கு ஓட்டை கொஞ்சம் பெருசா இன்னொண்டு சொல்லியிருக்கன்.