பிளேஸ்மென்ட் செல்: சொல்வது சரி, சொல்லும் மாதம் தப்பு

மகளைக் காரைக்குடிப் பக்கம் பி.எஸ்சி. வேதியியல் சேர்க்கப் போகும் நண்பர், "அங்கே கெரியர் கைடன்ஸ் எப்படி, நம்பலாமா?" என்று கேட்டார். கல்லூரிப் பெயர் வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

மாக் இன்டர்வியூ (மாதிரி நேர்காணல்) அருமை, மனதாரச் சொல்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளையை முதல் சுற்றில் தமிழிலேயே பேச விடுகிறார்கள். செய்த புராஜெக்டைப் பற்றி அது சொன்னதை, அடுத்த சுற்றில் ஆங்கிலத்தில் சொல்ல வைக்கிறார்கள். மனப்பாட வாடை போய்விடுகிறது. ஆப்டிட்யூட் வகுப்பும் ஒழுங்காக நடக்கிறது. ஐ.டி. கம்பெனிகள் ஆளெடுக்க வரும் டிரைவுக்கு 60 சதவீத மதிப்பெண் வேண்டும் என்பது, அரியர் விதிகள் எல்லாவற்றையும் முதலாண்டிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். மேற்படிப்பு வழிகாட்டல் கூட்டம் மூன்றாம் ஆண்டில், பொங்கல் கழித்துத்தான் நடக்கிறது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் செப்டம்பரில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும், தேர்வு பிப்ரவரியில். மேற்படிப்புக்கான கேட் தேர்வும் அப்படித்தான். மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்களே அதை எழுதலாம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. ஜனவரியில் மேடை போட்டு ஜாம் பற்றி விளக்குவது, பந்தி முடிந்த பிறகு இலை போடுவது மாதிரி.

அதைவிடக் கொடுமை சான்றிதழ். கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனச் சேர்க்கைக்குப் போதாது. சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்துத் தாசில்தாரிடம் போகும், நாளாகும். சேர்க்கையின்போது பெரும்பாலும் அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதைத்தான் கேட்பார்கள். மார்ச்சில் வாங்கி வைத்தால் மறுபடி அலைச்சல். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொல்வதில்லை.

சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வள்ளல் அழகப்பர் கொடுத்தது. பேட்டரி, அரிமானம், மின்முலாம் என வேதியியல் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எந்த விஞ்ஞானி எந்தத் துறை என்று இணையதளத்தில் பார்த்து, துறைத்தலைவர் கடிதத்தோடு சில மாதம் முன்பே புராஜெக்ட் கேட்கப் பழக்கலாம். இந்தக் கல்லூரி காட்டும் வேலைப் பட்டியலிலோ கால் சென்டர் மாதிரியான பி.பி.ஓ.தான் முதலில் நிற்கிறது.

பிளேஸ்மென்ட் ஆபீசரும் பாடம் எடுப்பவர்தான், இது கூடுதல் பொறுப்பு. அது நியாயமான கஷ்டம். ஆனால் கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் வேலைக்குப் போனவர்களோடு மேற்படிப்புக்குப் போனவர்களும் கணக்கில் வருகிறார்கள். பிறகு எதற்காக ஜனவரி வரை காத்திருக்கிறார்கள்?

நண்பரே, பேச்சுப் பயிற்சிக்கு இந்தக் கல்லூரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் வழிகாட்டலை நம்பிச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்பேன். சேர்த்தே ஆக வேண்டுமென்றால், ஐந்தாம் செமஸ்டர் தொடங்கியதுமே மகளை ஜாம் இணையதளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓ.பி.சி. விண்ணப்பத்தை அடுத்த ஏப்ரல் முதல் வாரமே நீங்கள் போட்டுவிடுங்கள்.