பழைய ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்குமுன் அந்த ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

குளிர்நாட்டில் டைவ் அடிக்கப் போகிறோம் என்று சென்னையில் பழைய சாமான் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

நான் டைவிங் கற்றது நீலாங்கரைக் கடலில். நம் கடல் வெதுவெதுப்பானது. குளிரைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை. மார்ச்சில் கிளாஸ்கோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லாக் லாங், கடல் நிலத்துக்குள் புகுந்து ஏரிபோல நீண்டு கிடக்கும் இடம். வேளச்சேரிப் பக்கம் ஒரு கடையில் பழைய ரெகுலேட்டரைக் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குத் தரும் கருவி) காட்டி, "தண்ணி ஆறேழு டிகிரிதான் இருக்கும், தாங்குமாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஐஸ்ல கூட இறங்கலாம் தம்பி, போன மாசம்தான் சர்வீஸ் பண்ணுனது" என்றார். ரெகுலேட்டர் 34,000, 'ஏழு மில்லிமீட்டர்' தடிமனுள்ள வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) 11,000. பில் போட்டால் ஜிஎஸ்டி ஏறும் என்றார். நானும் தலையாட்டினேன், அந்தப் புத்திகெட்ட வேலைக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

லாக் லாங் கரையில் வழிகாட்டி ரெகுலேட்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மேல் கடைக்காரர் ஒட்டியிருந்த 'சர்வீஸ் முடிந்தது' ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் 'ஈஎன் 250' என்ற ஐரோப்பியத் தர எண்ணும், பக்கத்திலேயே '>10°' என்ற குறியும் பொறித்திருந்தன. பத்து டிகிரிக்கும் குறைந்த தண்ணீரில் பயன்படுத்தக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

காரணத்தையும் அவரே சொன்னார். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்று விரியும்போது கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள தண்ணீரும் சில்லென்றிருந்தால் உள்ளே ஐஸ் பிடித்து வால்வு திறந்தபடியே நின்றுவிடும். ஃப்ரீ ஃப்ளோ என்பார்கள். காற்று கொட்டோ கொட்டென்று கொட்டி, சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. ஆழத்தில் அப்படி ஆனால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

வெட்சூட்டின் விளிம்பை அளந்தால் ஐந்து மில்லிமீட்டர். அந்தத் தண்ணீருக்கு அங்கே பெரும்பாலும் டிரைசூட்தான் (தண்ணீர் உள்ளே புகாத உடை), அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், எனக்கு இல்லை. கரையில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

கடைக்காரரிடம் கேட்டால், "தண்ணில நனைஞ்ச சாமான திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார். நனையவே இல்லையே ஐயா! 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது ஜிபே ரசீதும் அவருடைய வாட்ஸ்அப் பதில்களும் மட்டும்.

நேற்று அவர் ஸ்டேட்டஸில் இன்னொரு ரெகுலேட்டர் படம் போட்டிருக்கிறார். அதே இடத்தில், அதே ஸ்டிக்கர்.