அரச ஆஸ்பத்திரி மனநல கிளினிக்: மருந்துக்கு நம்பிப் போகலாம், பேச்சு வைத்தியத்தைக் கேட்டுத்தான் வாங்கணும்

நுவரெலியா, பதுளைப் பக்கத்து அரச ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக்குக்குக் காசு இல்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆள் முதலில் போய் நிற்பது ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்). தலையிடி, படபடப்பு, கைகால் உளைவு என்று மட்டும் சொன்னால் பனடோலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். "ராவில் திடுக்கிட்டு முழிக்கிறேன், யாராவது குடிச்சிட்டுச் சத்தம் போட்டா உடம்பு நடுங்குது, சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மனநல கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு கிடைக்க அந்தக் கடைசி வார்த்தை உதவும்.

சின்ன வயதுக் கதை எதற்கு என்று கேட்கலாம். 18 வயதுக்குள் அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பது போன்றவற்றில் நான்கு வகையோ கூடவோ அனுபவித்தவர்களுக்கு மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு என்று ஃபெலிட்டி, அண்டா குழு 1998இல் அமெரிக்காவில் கண்டது. அது கூட்டத்துக்கான கணக்கு, ஒருவருடைய தலைவிதி அல்ல. அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போய் அம்மாயியிடம் வளர்ந்தது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் அதையும் நீங்களே சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தில் கிளினிக் நன்று. ஃபுளுஒக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வுக் குளிசைகளில் முதல் வாரம் குமட்டலும் பதற்றமும் வரலாம், பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிட்டு "மருந்து ஒத்துக்கல" என்கிறார்கள். சுகமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரணும், திடீரென்று நிறுத்தக்கூடாது.

பேச்சு வைத்தியம்தான் பலவீனம். சின்ன வயதுக் கொடுமை மாதிரி உளக்காயத்துக்கென்று உள்ள சிகிச்சைக்குப் பொதுவாக 8 முதல் 12 தடவை உட்கார்ந்து பேசணும். நெரிசலான கிளினிக்கில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிசு. "உளவளத்துணைக்கு எழுதித் தாங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் இலவசமாகப் போகலாம். கூட்டம் குறைவு, ஆனால் தரம் ஆளுக்கு ஆள் மாறும். நல்லவர் முதலில் தூக்கம், மூச்சுப்பயிற்சி, இப்போது வீட்டில் பாதுகாப்பு உண்டா என்று பார்ப்பார். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொன்னால் "மெதுவாப் போவோம்" என்று சொல்லலாம், தப்பில்லை.

டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் பேசும் நர்ஸைக் கேளுங்கள். மகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். அம்மா பாதியை மறைப்பாள், மீதியைப் பிள்ளை சுமக்கும். வராந்தா வாங்கில் பேரைச் சத்தமாகக் கூப்பிடுகிற இடங்களும் உண்டு. லயத்து ஆட்கள் காதில் விழும் என்றே சிலர் பாதியில் விடுகிறார்கள், அது நோயாளியின் குற்றமல்ல.

இலவசம் என்றாலும் கிளினிக் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். கிளினிக் கொப்பியையும் பழைய துண்டுகளையும் மறக்காமல் கொண்டுபோனால் இன்னொரு நாள் அலைச்சல் மிச்சம். நிலைமை சீரானதும் கூடுதல் நாளுக்கு மருந்து கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரவில் செத்துப்போகலாம் என்று தோன்றினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் மனநல உதவி எண் 1926க்கு எடுங்கள், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு இப்போதே கொடுமை நடக்கிறதென்றால் சிறுவர் உதவி எண் 1929.