மூன்றாவது மழைக்காலத்தில் ஒரு சைக்கிள் பேன்ட்

2023 ஆகஸ்டில் வாங்கியது. இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், சில வாரம் நான்கு நாள், திருவான்மியூரிலிருந்து துரைப்பாக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிறேன். போக 7, வர 7 கிலோமீட்டர். லீவு, காய்ச்சல், ஊருக்குப் போனது எல்லாம் கழித்தாலும் நாலாயிரம் கிலோமீட்டரை ஒட்டி வரும். வாங்கின மறுநாளே அஞ்சு ஸ்டார் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிராண்டைச் சொல்லிப் பயனில்லை, நான் வாங்கிய மாடல் இப்போது கடையில் இல்லை. விலை 2,499 ரூபாய். கேட்டதும் அம்மா, "அந்தக் காசுக்கு மூணு சுடிதார் செட்டு எடுக்கலாமேடி" என்றார். எடுக்கலாம்தான்.

பெண்களுக்கான கேஷுவல் ஃபிட் சைக்கிள் பேன்ட் என்று போட்டிருந்தார்கள். ரேஸ் சைக்கிள்காரர்கள் போடுகிற, தொடையோடு ஒட்டிக்கொண்டு அடியில் மெத்தை வைத்த ஷார்ட்ஸ் வேறு. இது பார்வைக்குச் சாதாரணக் கறுப்புப் பேன்ட். நைலானில் கொஞ்சம் எலாஸ்டேன் கலந்த துணி, இழுத்தால் கொடுக்கும். அலுவலகத்தில் இதுவரை ஒருவர்கூட "இதென்ன பேன்ட்?" என்று கேட்டதில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். பாத்ரூமில் ஒற்றைக்காலில் நின்று உடை மாற்றும் வேலை மிச்சம்.

எதற்கு இதற்கென்று தனியாக ஒரு பேன்ட் என்று கேட்பீர்கள். நான் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். அந்த லேடீஸ் சைக்கிளில் குறுக்குக் கம்பி கிடையாது, செயினுக்கு மூடி உண்டு, பின் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்க வலை உண்டு. பாவாடையோ சுடிதாரோ, நாம் எதைப் போட்டாலும் சைக்கிள் பார்த்துக்கொள்ளும். இப்போது ஓட்டும் கியர் சைக்கிளில் இது ஒன்றுமே இல்லை. முதல் ஆறு மாதத்தில் ஒரு பலாஸோவும் இரண்டு சுடிதார் பேன்டும் வலது கணுக்காலில் செயின் மை பூசிக்கொண்டன. ஒரு நாள் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் துப்பட்டா நுனி பின் சக்கரத்தில் சுற்றி, பச்சை விழுந்தும் நகர முடியாமல், பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடிக்க அடிக்க நடுரோட்டில் குனிந்து அதைப் பிடுங்கினேன். அன்றோடு துப்பட்டாவுக்கு விடை கொடுத்து ஜீன்ஸுக்கு மாறினேன். அது வேறு தொல்லை. ஜீன்ஸில் நான்கு பக்கத்துத் தையலும் ஒன்றாய்க் கூடுகிற தடித்த முடிச்சு ஒன்று இருக்கிறதே, அது சரியாகச் சீட்டின் மூக்கில் போய் உட்காரும். பெருங்குடி வருவதற்குள் அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இந்தப் பேன்டில் அந்த முடிச்சு இல்லை. கவட்டில் உள்ளங்கை அகலத்துக்கு டைமண்ட் வடிவத்தில் ஒரு தனித் துண்டு வைத்து, தையலை நடுவிலிருந்து இரண்டு தொடைப் பக்கமும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். கொடுத்த காசு இதற்கே சரியாகப் போயிற்று என்பேன். மாதவிடாய் நாட்களில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். நாப்கின் மேல் ஜீன்ஸ் தையல் அழுத்திக்கொண்டே வரும் அவஸ்தை இல்லை. காலைத் தூக்கிப் போட்டு ஏறும்போது எதுவும் இழுத்து விலகுவதும் இல்லை. பின் இடுப்பு முன்பக்கத்தைவிட இரண்டு விரல் உயரமாக ஏறி வருவதால், குனிந்து ஓட்டும்போது முதுகு தெரிகிறதா என்று குர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டே போக வேண்டியதில்லை. குர்தா என்றதும் ஒன்று: பின்புறத் துணியைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உட்காருங்கள். சீட்டின் மூக்கில் மாட்டிக்கொண்டால் சிக்னலில் இறங்கும்போது ஆளையே கவிழ்த்துவிடும். நான் இப்போது இடுப்புக்குக் கீழே ஒரு சாண் மட்டும் இறங்கும் குட்டைக் குர்தாவுக்கு மாறிவிட்டேன்.

சீட் சரியில்லை என்றால் எந்தப் பேன்டும் காப்பாற்றாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே பேன்டோடு ஈ.சி.ஆரில் முட்டுக்காடு போனேன். போக வர 40-ஐத் தாண்டும். திரும்பி வந்து இரண்டு நாள் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்தேன். தூரம் போவதாக இருந்தால் உள்ளே மெத்தை வைத்த ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டு, மேலே இதைப் போடலாம். அந்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது, தோல் உரசிப் புண்ணாகும். இது எனக்குத் தெரிய ஒரு முட்டுக்காடு தேவைப்பட்டது.

அளவு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இடுப்பும் தொடையும் சரியாக இருந்தன. நீளம் யாருக்காகவோ வெட்டியது. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம், கீழே நாலு விரல் மிச்சம். வெட்டலாம் என்றால், வலது காலை இறுக்கும் பிரஸ் பட்டனும், உள் மடிப்பில் இருக்கும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் கூடவே போய்விடும். அதனால் வெட்டாமல் வெளியே மடித்து விட்டுக்கொண்டேன். மடித்தால்தான் அந்தப் பட்டையே வெளியில் தெரியும். மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே இருட்டில் வரும்போது பின்னால் வரும் வண்டிக்காரருக்கு இரண்டு கணுக்கால்கள் மேலும் கீழும் மின்னுவது தெரியும். குட்டையாகப் பிறந்ததில் ஒரு லாபம். பிரஸ் பட்டன் பதினாலாம் மாதம் தெறித்துப் போனது. இப்போது அந்த இடத்தில் ஊக்கு.

பாக்கெட்: தொடையில் ஜிப் வைத்த ஒன்று. போன் நுழையும், ஆனால் மிதிக்கும்போது தட்டிக்கொண்டே வரும். வீட்டுச் சாவிக்குச் சரி.

வெயிலுக்கு வருவோம். காற்று புகும் துணி என்று லேபிளில் இருந்தது. லேபிள் எழுதியவர் கத்திரியில் நான் போகும் ஓ.எம்.ஆர். சாலைக்கு வந்ததில்லை. காலை எட்டரை மணிக்கே இடுப்புப் பட்டிக்கு அடியில் வியர்வை தேங்கி, முதல் வருடம் மே மாதம் பின்னிடுப்பில் பட்டையாக வியர்க்குரு. துணியைவிட அந்தத் தடித்த எலாஸ்டிக்தான் குற்றவாளி. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: நனையும், ஆனால் சீக்கிரம் காயும். அலுவலக ஏசியில் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். காட்டன் சுடிதார் என்றால் மதியச் சாப்பாடு வரை ஈரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மழையில்தான் இது தன் வேலையைக் காட்டியது. புதிதில் தூறல் விழுந்தால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு, தண்ணீர் வடிந்துவிட்டது என்று நம்பி ஒரு நாள் சைக்கிளை எடுத்தேன். சர்வீஸ் ரோட்டில் முழங்கால் அளவு சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ஜீன்ஸாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரைக் காலில் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி இருக்கும். இது தண்ணீரைத் தேக்காமல் வழியவிட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து அலசி மின்விசிறிக்குக் கீழே போட்டால் மறுநாள் காலையில் தயார். ஆனால் அந்த முத்துத் தண்ணீர் வித்தை ஆறேழு மாதம்தான். மேல் பூச்சு துவைக்கத் துவைக்கப் போய்விடும். அம்மா வாசனைக்காக ஊற்றிய கண்டிஷனரும் அதைக் கெடுத்திருக்கும். குளிர்ந்த தண்ணீர், குறைந்த சோப்பு, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்துவது. பிளீச் கூடவே கூடாது, எலாஸ்டேன் செத்துப் போகும்.

தேய்மானம்? ஒரு வருடத்தில் உள்தொடையில் சின்னச் சின்ன நூல் உருண்டைகள். ஒன்றரை வருடத்தில் உட்காரும் இடம் பளபளத்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே, பதினாறாம் மாதம், அந்த டைமண்ட் துண்டின் பின் மூலையில் கட்டை விரல் நீளத்துக்குத் தையல் விட்டது. கடையில் காட்டினேன். "வாரன்டி முடிஞ்சிருச்சு மேடம், புது மாடல் பாக்குறீங்களா?" சரி என்று எங்கள் தெருமுனைத் தையல் அக்காவிடம் கொண்டுபோனேன்.

அக்கா பேன்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆள்காட்டி விரலால் தையலைத் தடவிக்கொண்டே போய் அந்தத் துண்டில் நின்றார்.

"இதுக்கா ரெண்டாயிரத்து ஐநூறு குடுத்தே?"

"ஆமாக்கா. அந்தத் துண்டுதான் விசேஷமே."

"என்னம்மா விசேஷம்? பைஜாமாவுக்கு வெக்கிறதுதானே இது. அந்தக் காலத்துல சுடிதார் பேன்ட்டுக்கே வெச்சுத்தான் தைப்போம். லெக்கிங்ஸ் வந்தப்புறம் யாரு கேக்குறா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடச் சுடிதாரில் இரண்டு வருடம் உறுத்தாமல் சைக்கிள் ஓட்டியது ஏன் என்று இப்போது தெரிந்தது. அக்கா அதற்குள் விட்ட இடத்தை இரட்டைத் தையல் போட்டு முடித்துவிட்டு 30 ரூபாய் கேட்டார். அந்த மூலை இதுவரை அசையவில்லை.

விட்டுவிடுவேனா? இரண்டேகால் மீட்டர் காட்டன் லைக்ரா எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். துணி 620, கூலி 500. அதே துண்டு, பின் இடுப்பு உயரம், நீளம் எனக்கு அளவாக, பாக்கெட் பின்பக்கம். உட்கார்ந்தால் பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. எலாஸ்டிக்கை அக்கா துணிக்குள் வைத்துத் தைத்ததால் இடுப்பில் இதுவே மேல். ஆனால் துணி காட்டன்தானே. ஜனவரி, பிப்ரவரியில் ஒன்றும் தெரியவில்லை. ஏப்ரலில் வியர்வையைக் குடித்துவிட்டுக் கனத்துத் தொங்கியது. முழங்காலில் உப்பிக்கொண்டு மாலைக்குள் தொளதொளவென்று ஆகிவிடும். மழைக்கு ஆகவே ஆகாது. கடைப் பேன்டில் முழங்காலுக்கு நாலு சுருக்குத் தையல் வைத்து வளைவாகவே வெட்டியிருக்கிறார்கள், அதை அக்கா வேண்டாத வேலை என்று விட்டுவிட்டார். அது வேண்டாத வேலை இல்லை.

ஆக, தை மாசியில் அக்கா தைத்தது, ஐப்பசி கார்த்திகையில் கடையில் வாங்கியது. கத்திரியில் நான் பஸ்ஸில் போகிறேன். மறுபடி வாங்குவேனா என்றால், தள்ளுபடியில் 1,500-க்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குவேன். முழு விலைக்கு என்றால், தினம் ஓட்டுகிறவர்கள் வாங்கலாம். எப்போதாவது பீச் வரை போய் வருபவர்கள் அந்தத் துண்டு வைத்து ஒரு சுடிதார் பேன்ட் தைத்துக்கொண்டால் போதும்.

முழங்காலுக்கு மாதிரி வேண்டும் என்று போன வாரம் அக்கா பழைய பேன்டை வாங்கி வைத்துக்கொண்டார். இந்தத் தடவை நைலான் துணி, ஒரு ஏற்றுமதி மிச்சக் கடையில் அவரே பிடித்தது. இரண்டு நாளில் தருகிறேன் என்றார், இன்றோடு ஆறு நாள். வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது, நான் காட்டன் பேன்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.