வீட்டிலேயே சஸ்பென்ஷன் மாற்றுவது: குட்டை ஸ்பிரிங்கா, காயில்ஓவரா, காற்றுப் பையா?

காரைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், வளைவில் அது சாய்வதையும் அடக்க வேண்டும், வேலையை வெளியே கொடுக்காமல் நாமே செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நான்கு வழிகள் உண்டு. கம்பெனி ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாகப் போடலாம். குட்டை ஸ்பிரிங்கோடு, இறுக்கத்தை மாற்றக்கூடிய ஷாக்கையும் சேர்த்துப் போடலாம். உயரத்தையே திருகி மாற்றும் காயில்ஓவருக்குப் போகலாம். இல்லையென்றால் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை.

இந்த நான்கையும் பெரும்பாலும் விலை வரிசையில் அடுக்கி, கையில் உள்ள பணத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள் என்று முடித்துவிடுவார்கள். வீட்டில் பூட்டுகிறவருக்கு அந்த வரிசை உதவாது. பொருள் மலிவாக இருக்கிற வழியில்தான் வேலை கடினம், ஆபத்தும் அதிகம். ஆகவே விலையை ஓரமாக வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கிறவர் கண்ணோடு பார்க்கலாம்.

ஸ்பிரிங் மட்டும்

இன்றைய பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஷாக்கின் உடம்பில் ஒரு தட்டு, மேலே ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு பூட்டும் டாப் மவுண்ட், இரண்டுக்கும் நடுவே அழுத்திப் பிடிக்கப்பட்ட ஸ்பிரிங். ஸ்ட்ரட்டைக் காரிலிருந்து கழற்றி தரையில் வைத்த பிறகும் அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கைச் சுருக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் டாப் மவுண்ட் துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். அது முகத்தில் பட்டால் பிழைப்பதே கஷ்டம்.

அதனால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம் வேண்டும். இரண்டு கொக்கித் தண்டுகளையும் நேர் எதிரெதிர் பக்கத்தில் மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாற்றி மாற்றி கையால் திருக வேண்டும். இம்பேக்ட் கன் வைத்துத் திருகினால் மரை சூடேறி அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு. ஸ்பிரிங் தளர்ந்து, தட்டில் கையால் லேசாக ஆட்ட முடிகிற நிலை வந்த பிறகுதான் மேல் நட்டைத் தொட வேண்டும். அப்போதும் ஸ்ட்ரட்டின் உச்சி நம் முகத்தையோ, பக்கத்தில் நிற்கிறவரையோ பார்த்திருக்கக் கூடாது.

அந்த நட்டு இன்னொரு தொல்லையும் தரும். ஸ்பேனர் வைத்துத் திருகினால் நட்டோடு சேர்ந்து ஷாக்கின் தண்டும் சுற்றும். தண்டின் நுனியில் ஒரு அறுகோணக் குழி இருக்கும். அதில் ஆலன் கீயைச் சொருகிப் பிடித்துக்கொண்டு, வளைந்த ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருக வேண்டும். பொறுமையில்லாமல் தண்டை பிளையரால் கவ்விப் பிடித்தால் பளபளப்பான மேற்பரப்பில் கீறல் விழும். அந்தக் கீறல் ஆயில் சீலை அறுக்கும், புது ஷாக் கொஞ்ச நாளிலேயே ஒழுகும்.

பின்பக்கம் அப்படியில்லை. முன்சக்கர ஓட்டமுள்ள பல ஹேட்ச்பேக்குகளில் பின்னால் ட்விஸ்ட் பீம்தான், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குத் தண்டு. ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு, ஜாக்கால் தாங்கியபடியே பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? பெரும்பாலான ஸ்பிரிங் செட்கள் 20 முதல் 40 மி.மீ. வரை தாழ்த்தும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குட்டை ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங்கை விடக் கடினமானது. அது விரிந்து திரும்பும் வேகத்தை அடக்க கம்பெனி ஷாக்குக்குப் போதுமான பிடி இருக்காது. தண்டும் எப்போதும் உள்ளே தள்ளியே நிற்பதால் மேடு பள்ளத்தை வாங்க மிஞ்சும் தூரம் குறைந்து, கடைசி அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் அடிக்கடி மோதும். பலர் ஸ்பிரிங் ரொம்பக் கடினம் என்று குறைப்படுவது உண்மையில் இந்த மோதலைத்தான். ஷாக் புதிதாக இருந்தால் சமாளிக்கலாம். ஏற்கெனவே நிறைய ஓடிய காரில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால், ஷாக் போனதும் அதே கம்ப்ரஸரோடு அதே இடத்தில் மறுபடி உட்கார வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் நான்கில் கடைசி இடம் இதற்குத்தான்.

ஸ்பிரிங்கோடு, இறுக்கம் மாற்றும் ஷாக்

வேலை மேலே சொன்னதேதான், கம்ப்ரஸர் உட்பட. ஆனால் ஒரே தடவையில் முடிந்துவிடும். கோனியின் மஞ்சள் ஷாக்குகள் இந்த வகைக்குப் பழைய, நம்பகமான உதாரணம். இவற்றில் நாம் மாற்றுவது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது ஷாக் கொடுக்கும் எதிர்ப்பு. ஸ்பிரிங்கின் கடினத்துக்கு ஏற்ப இதைக் கூட்டிக்கொள்ளலாம். பல மாடல்களில் தண்டின் உச்சியிலேயே ஒரு திருகி இருக்கும், பானெட்டைத் திறந்து திருப்பலாம். சிலவற்றில் ஷாக்கைக் கழற்றி, தண்டை முழுக்க உள்ளே அழுத்தித் திருப்ப வேண்டும். பின்பக்க ஷாக் எந்த வகை என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. கழற்றித்தான் திருப்ப வேண்டும் என்றால் யாரும் இரண்டாம் முறை திருப்புவதில்லை.

உயரத்தை மாற்ற முடியாது என்பதை இதன் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. தினசரி ஓட்டுகிறவர் உயரத்தை ஒரு தடவை வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறார். ஸ்பிரிங் தயாரித்தவர் ஷாக்கின் நகர்வைக் கணக்கில் வைத்து முடிவு செய்த உயரம், நாம் ஃபெண்டர் இடைவெளியை மட்டும் பார்த்து வைக்கிற உயரத்தை விடப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

காயில்ஓவர்

வீட்டில் பூட்டுகிறவருக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. டாப் மவுண்ட்டோடு பூட்டியே வரும் செட் என்றால் கம்ப்ரஸரே தேவையில்லை. பழைய ஸ்ட்ரட்டை முழுதாகக் கழற்று, புதியதை முழுதாக மாட்டு, அவ்வளவுதான். ஆனால் எல்லாச் செட்டும் அப்படி வருவதில்லை. கேடபிள்யூ, பில்ஸ்டைன் செட்கள் பொதுவாகக் காரின் பழைய டாப் மவுண்ட்டையே திரும்பப் பயன்படுத்தும்; அப்போது பழைய ஸ்ட்ரட்டைப் பிரிக்காமல் வழியில்லை. பிசி ரேசிங் போன்றவற்றில் முன்பக்க மவுண்ட் பல மாடல்களில் கூடவே வரும். விளம்பரத்தில் எத்தனை கிளிக் (ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் படிகள்) என்று பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மவுண்ட்டில் ரப்பருக்குப் பதில் இரும்புக் குண்டு மூட்டு இருந்தால் ஸ்டீயரிங் துல்லியமாகும். கூடவே சாலையின் சின்னச் சின்ன சத்தமெல்லாம் கேபினுக்குள் வரும்.

உயரம் மாற்றும் முறையில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை மட்டும் மரையில் ஏற்றி இறக்குகிறோம். இறக்க இறக்கக் காரும் தாழும், ஷாக்கின் தண்டும் உள்ளே போகும், மேட்டில் அமுங்க மிஞ்சிய தூரம் குறையும். ரொம்ப இறக்கினால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கடகடக்கும். இரண்டாம் வகையில் ஷாக்கின் கீழ்ப்பகுதியே தனி மரையில் ஏறி இறங்கும். இதில் காரைத் தாழ்த்தினாலும் ஷாக்கின் நகர்வு குறையாது. கேட்க நன்றாக இருந்தாலும் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஷாக்கில் தூரம் இருப்பதால் பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே டயர் போய் ஃபெண்டரின் உள்பக்கத்தை உரசலாம். ஆகவே முழுக்கத் தாழ்த்தும் முன், ஸ்பிரிங் இல்லாமல் சக்கரத்தை மேலே தூக்கி எங்கே இடிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கிளிக் விஷயத்துக்கு வருவோம். கேடபிள்யூவின் மூன்று படிகளை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் தெளிவாகும்: வேரியன்ட் 1-ல் உயரம் மட்டும், 2-ல் ரீபவுண்ட்டும், 3-ல் அமுக்கம், ரீபவுண்ட் இரண்டும் தனித்தனியாக மாறும். ஒரே திருகியில் 30 கிளிக் கொடுக்கும் செட்களில் பல அந்த இரண்டையும் சேர்த்தே மாற்றுகின்றன. அப்படியென்றால் மேட்டில் ஏறும் கடினத்தைக் குறைக்கப்போய், வளைவில் பிடிப்பும் சேர்ந்து போய்விடும். 30 கிளிக்கில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நிலைகளுக்கு இருக்கும் வித்தியாசம் பெரும்பாலானவர்களின் முதுகுக்குத் தெரியாது. கிளிக்கை எப்போதும் முழுக்க இறுக்கிய நிலையிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இடது வலது மாறாமல். முடிவுக்கு வந்த பிறகும் அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி வால்வு பழுதாகும்.

பின்பக்க உயரத்தை வைக்கும்போது பலர் குழம்புவார்கள். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாமல், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கார்களில், வளையத்தை 10 மி.மீ. இறக்கினால் கார் அதைவிட அதிகமாகத் தாழும். சக்கரம் நகரும் தூரத்தில் 0.6 பங்குதான் ஸ்பிரிங் நகர்கிறது என்று வையுங்கள், ஃபெண்டரில் ஏறத்தாழ 17 மி.மீ. தெரியும். ஸ்பிரிங்கின் கடினமும் சக்கரத்துக்கு வரும்போது அந்தப் பங்கின் வர்க்கத்தால், அதாவது 0.36 ஆகக் குறைகிறது. பின் ஸ்பிரிங்கின் கடின எண் முன்னதைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

காயில்ஓவரின் பெரிய எதிரி கையில் கிடைக்கும் அந்தச் சுதந்திரம்தான். மரை இருக்கிறதே என்று கீழே வரை இறக்கிவிடத் தோன்றும். மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சற்றுக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அது கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கித் திரும்பினால், கார் சாயும் அச்சுப்புள்ளி ஈர்ப்பு மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட வளைவில் சாய வைக்கும் நெம்பு விசையும் கூடும். அதாவது அளவுக்கு மீறித் தாழ்த்தியதால், சாய்வை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும். மட்டமான தரையில் காரை நிறுத்திக் கீழே குனிந்து ஆர்மைப் பாருங்கள். உயரத்தை அது தீர்மானிக்கட்டும், ஃபெண்டர் இடைவெளி அல்ல.

ஈரமும் மண்ணும் உள்ள சாலைகளில் மரை இறுகிப்போவதும் சகஜம். ஸ்டீல் உடம்பு துருப்பிடிக்கும், அலுமினிய வளையமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரஷ்ஷால் தேய்த்து மரைக்குக் கிரீஸ் பூசுவதை அவ்வப்போது செய்யாவிட்டால், உயரம் மாற்றும் செட்டே உயரம் மாற்ற முடியாத செட்டாகிவிடும்.

காற்றுப் பை

இது ஸ்பேனர் வேலையோடு நிற்காது. பைகளைப் பூட்டுவது காயில்ஓவர் அளவு சுலபம்தான். அப்புறம் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் (முன்பு சொன்ன ஸ்பிரிங் கம்ப்ரஸர் அல்ல), டேங்க், வால்வு, குழாய், வயரிங் எல்லாம் இருக்கிறது. கம்ப்ரஸருக்குப் போகும் மின்சாரம் ரிலே வழியாக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டுப் போக வேண்டும். பிளாஸ்டிக் குழாயைக் கத்தரியால் நறுக்காமல் அதற்கான வெட்டியால் நேராக வெட்ட வேண்டும். சரிந்த வெட்டு கசியும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். டேங்கில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிக்கவும் வேண்டும்.

கீழே தரையோடு படுத்தும் நிற்க வேண்டும், வேகத்தடை வந்தால் உயரவும் வேண்டும் என்பவருக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே உயரத்தில் ஓட்டப்போகிறவருக்கு இது தேவையில்லாத வேலை. சக்கரக் கோணம் உயரத்தோடு மாறும் என்பதால் அலைன்மென்ட் ஒரு ஓட்டும் உயரத்துக்குத்தான் சரியாக இருக்கும். அதிலிருந்து தாழ்த்தி ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். உட்கார்ந்த இடத்திலிருந்தே உயரம் மாற்றுவது புதிய ஆசையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1955-ல் வந்த சிட்ரோயன் டிஎஸ், எண்ணெயும் வாயுவும் கொண்ட சஸ்பென்ஷனோடு, அதற்கென ஒரு நெம்புகோலையும் வைத்திருந்தது.

எதைப் போட்டாலும்

முதலில், கழற்றும் முன்பே ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிவிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் கலந்துவிடும். கார் ஜாக் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்த பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். ஸ்ட்ரட் வெளியே வந்ததும், சக்கரம் பூட்டப்படும் ஹப்பை ஒரு கயிற்றால் கட்டித் தாங்க வேண்டும். இல்லையென்றால் அது வெளியே சாய்ந்து டிரைவ் ஷாஃப்ட்டின் உள் மூட்டு பிரிந்துவிடும்.

ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுதியாக முறுக்கக் கூடாது. அப்படி முறுக்கினால் கார் தரையில் நிற்கும்போதே புஷ் முறுகிய நிலையில் இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தவறாகக் காட்டும். ஹப்பின் கீழ் ஜாக் வைத்து ஓட்டும் உயரத்துக்குத் தூக்கி, அப்புறம் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராடு தாழ்ந்த காரில் தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். அந்தக் கம்பி ஆர்மில் உரசினால் நீளம் மாற்றக்கூடிய லிங்க் வேண்டும்.

கொஞ்சம் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு மறுபடி அளந்து, வளையங்களைப் பூட்டி, அதற்குப் பிறகே அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். முதல் நாளே போனால் அந்தச் செலவு வீண். தாழ்த்தும்போது கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) மாறும், ஆனால் டயரை வேகமாகத் தின்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் கோணம்) மாற்றம்தான். ஹெட்லைட்டைத் தானாகச் சரிசெய்யும் கார்களில் ஆர்மோடு இணைந்த ஒரு சின்ன சென்சார் தண்டு இருக்கும். காரின் உயரம் மாறியதை அது பாரம் ஏறியதாக எடுத்துக்கொண்டு விளக்கைத் தவறாகத் திருப்பும் என்பதால், அந்தச் சென்சாரையும் புது உயரத்துக்குச் சரிசெய்தாக வேண்டும்.