முருங்கைக்கீரையா, பாலக்கீரையா: அடர்பச்சை இரண்டையும் எடை போட்டால்

காய்கறியின் நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சத்து என்பது பொதுவாகச் சரியான கணக்குதான். முட்டைக்கோஸின் வெளிறிய உள்ளிதழ்களைவிட அதன் பச்சையான வெளியிதழ்களில், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அதிகம். இலையில் பச்சையம் மிகுந்தால் அதனடியில் மறைந்திருக்கும் கரோட்டின், லுடீன் ஆகிய மஞ்சள் நிறச் சத்துகளும் பெரும்பாலும் மிகுந்தே இருக்கும். ஆனால் அடர்பச்சையான இரண்டு கீரைகளை அருகருகே வைத்தால், நிறத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது.

முதலில் சுண்ணாம்புச்சத்து. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பாலக்கில் ஏறத்தாழ 80 மில்லிகிராம்தான். உண்மையான இடைவெளி இதைவிடப் பெரியது. பாலக்கில் நிறைந்திருக்கும் ஆக்சலேட் என்ற இயற்கைச் சேர்மம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பாலில் உள்ள கால்சியத்தில் சுமார் 30% உடலில் சேரும்போது, பாலக்கில் உள்ளதில் 5% அளவே சேர்கிறது. அதாவது 100 கிராமுக்கு நான்கு மில்லிகிராம். முருங்கையிலும் ஆக்சலேட் இல்லாமல் இல்லை, ஆனால் பாலக்கைவிடக் குறைவு. எனவே எலும்புக்காகக் கீரை தேடுபவர்கள் பாலக்கை நம்பியிருப்பதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

இரும்புச்சத்திலும் முருங்கையே முந்துகிறது. எனினும் கீரையின் இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படுவதில்லை; வைட்டமின் சி துணை வேண்டும். அந்த வைட்டமினும் முருங்கையில் பாலக்கைவிடப் பல மடங்கு உண்டு, ஆனால் கொதிக்கக் கொதிக்க அது அழிந்துவிடும். ஆகவே பொரியலை இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழிவதும், சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காமல் இருப்பதும் பயன் தரும். பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது என்பதால், தேங்காய்த் துருவலும் தாளிப்பு எண்ணெயும் ருசிக்கு மட்டுமல்ல. நெய் காய்ச்சி இறக்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கையிலையைப் போட்டுப் பொரித்தெடுக்கும் நம் வீட்டு வழக்கமும் அந்த வகையில் பொருத்தமானதே. (கேரட்டைவிடப் பல மடங்கு சத்து என்று முருங்கைப் பொடி விற்பவர்கள் செய்யும் ஒப்பீட்டை மட்டும் நம்ப வேண்டாம்: நீர் வற்றிய பொடியைப் பச்சைக் காயோடு எடைக்கு எடை நிறுத்தினால் எந்த இலையும் வென்றுவிடும்.)

பாலக்குக்கும் உரிய இடம் உண்டு. கருவுற்ற தொடக்க வாரங்களில் மிகவும் தேவைப்படும் ஃபோலேட் என்ற பி வகை வைட்டமின் அதில் நன்றாகவே இருக்கிறது. காம்பிலிருந்து உருவி, ஈர்க்கு பொறுக்கி ஆய வேண்டிய வேலையும் இல்லை, சில நிமிடங்களில் வெந்துவிடும். வேலை நாள் காலையில் இது சிறிய விஷயமன்று. சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவோடு உண்ண வேண்டும். வேகவைத்த நீரை வடித்தால் ஆக்சலேட் கணிசமாகக் குறையும், கூடவே ஃபோலேட்டும் சிறிது போய்விடும்.

என் தேர்வு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கை, அவசர நாளில் பாலக். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் போட்டி பொருந்தாது. இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே இரண்டிலுமே மிகுதி என்பதால், எந்தக் கீரையானாலும் வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதும், அந்த அளவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் சொல்வதும் அவசியம்.