300 அடிக்குக் காசு, 200 அடிக்குச் செம்பு

ஒன்ராறியோ ஏரியில் சால்மனுக்குப் போகிற நம்மவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பிளஃபர்ஸ் பார்க்கில் போட் இறக்குகிற இடத்தில் விடியற்காலையிலேயே தமிழ் கேட்கிறது. பலர் தங்கூசி என்கிற நைலோன் நூலில் பழகியவர்கள், செம்பு, ஸ்டீல் என்று உலோக லைன் புதிது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் லைன் வாங்கி ஏமாந்த கடை ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிறது. பெயர் போடவில்லை.

ஓகஸ்டில் மேல் தண்ணீர் சூடாகிவிடும். சினூக் சால்மனும் லேக் ட்ரௌட் மீனும் கீழே குளிர்ந்த தண்ணீருக்குப் போய்விடும், 60, 80 அடிக்கு. டவுன்றிகர் (பாரக் குண்டு கட்டி லைனை ஆழத்துக்கு இறக்கும் கருவி) இல்லாத சின்னப் போட்காரருக்குச் செப்பு லைன் நல்ல வழி. நான் கடையில் கேட்டதும் அதுதான்: 45 இறாத்தல் இழுவை தாங்கும் செம்பு, 300 அடி, றீலோடு.

கடைப் பெடியன் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தான். "அண்ணை, செம்பு சும்மா சிக்குப்படும். ஸ்டீல் கம்பி மெல்லிசு, தண்ணியை வெட்டிக்கொண்டு இறங்கும். ஆழம் கூட." பாதி உண்மை. மெல்லிசுதான், தண்ணீரை வெட்டும்தான். ஆனால் தானாக இறங்காது. டிப்சி டைவர் என்கிற இழுதட்டோ ஈயமோ அதைக் கீழே கொண்டுபோக வேண்டும். அந்தப் பாதியை அவன் சொல்லவில்லை. நானும் அவன் பேச்சை நம்பி ஸ்டீல் கம்பியையே வாங்கினேன்.

செம்பின் அடர்த்தி ஏறத்தாழ 9, எஃகின் அடர்த்தி 8. அதில் பெரிய வித்தியாசம் இல்லை. தடிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. 45 இறாத்தல் செம்பு பல இழை முறுக்கியது, ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். ஸ்டீல் கம்பி அதில் பாதிகூட இல்லை. செம்பு தன் பாரத்திலேயே அமிழும்: போட்டை மெதுவாக ஓட்டி இழுத்தால் நூறு அடிக்கு 20 அடிக்கு மேல் இறங்கும் என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. 300 அடி விட்டால் மீன் நிற்கிற மட்டத்துக்குப் போய்விடும்.

ஏரியில் என்ன நடந்தது? 50 அடி ஆழமுள்ள இடத்தில் நண்பரின் செம்பு அடியில் உரசி, ஸ்பூன் என்கிற தகட்டு இரையில் பாசியோடு வந்தது. அதே வேகம், அதே நீளம், என் கம்பியில் வந்த ஸ்பூன் பளிச்சென்று இருந்தது, அடியைத் தொடவே இல்லை. இன்னொன்று, றொட் நுனி வளையம். உள்ளே இருக்கும் செராமிக்கில் நகத்தால் தடவினால் தெரிகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. ஸ்டீல் கம்பிக்கு நுனியில் ஸ்பிரிங் போன்ற ட்விலி அல்லது உருளை வளையம் வேண்டும். விற்கும்போது அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

திரும்பப் போனேன். "வெட்டிச் சுற்றின கம்பி, திருப்பி எடுக்க மாட்டம்." டிப்சியும் ட்விலியும் வாங்கினால் சரியாகிவிடுமாம், அதற்கும் தனிக் காசு. சண்டை பிடித்ததில் கம்பிக் காசைக் கழித்துக்கொண்டு செம்பு சுற்றித் தர ஒத்துக்கொண்டார்கள். பின்னறைக்குக் கொண்டுபோய்ச் சுற்றினார்கள். றசீதில் 300 அடி.

அடுத்த முறை லைன் விடும்போது றீலில் அடிக்கணக்குக் காட்டும் கவுண்டர் இருநூறைத் தாண்டியதும் விரலில் முடிச்சு தட்டுப்பட்டது. செம்பு முடிந்து, அதற்கு அடியில் றீலில் சுற்றியிருக்கும் பின்னல் நூல் தொடங்குகிற முடிச்சு. றீல் நிரம்பிய அளவைப் பொறுத்துக் கவுண்டர் கொஞ்சம் பிழைகாட்டும், அதனால் ஒழுங்கையில் செம்பை நீட்டி அளவு நாடாவால் அளந்தேன். 208 அடி. பூனைக்குட்டி மாதிரி மடியில் வைத்துத்தான் திரும்பச் சுற்ற வேண்டியிருந்தது. செம்பு ஒரு தடவை மடங்கினால் அந்த இடத்தில் அறும். செம்பு சிக்குப்படும் என்று கடைப் பெடியன் சொன்னது மட்டும் உண்மைதான், பாவம்.

நியூயோர்க் பிங்கர் ஏரிகளில் அந்தக் காலத்தில் பழைய கிராமபோன் மோட்டாரில் செம்பைச் சுற்றி, கையாலேயே இழுத்து ட்ரௌட் பிடித்திருக்கிறார்கள். பழகிய பொருள்தான், குறை பொருளில் இல்லை.

208 அடிதான் என்றதற்குக் கடை முதலாளி சொன்னது: "கவுண்டர் பிழை, அளவு நாடாவும் பிழையாக இருக்கலாம்." பிறகு, பாதித் தொகைக்குக் கடை வவுச்சர். நான் வாங்கவில்லை. றசீதையும் நாடாவோடு எடுத்த படங்களையும் சேர்த்துக் கடனட்டைக் கொம்பனிக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் வாங்கினால் நீளம் அச்சிட்ட சுருளை உடைக்காமல் வாங்குங்கள். கடையில் சுற்றினால் கண்முன்னே சுற்றச் சொல்லுங்கள், வெறும் சுருளைக் கையில் கேளுங்கள். இணையத்தில் மலிவாக வருவதற்குக் காந்தம் வைத்துப் பாருங்கள், செம்பில் ஒட்டாது. ஒட்டாவிட்டாலும் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியம். அது இந்த ஆழத்துக்கு இறங்காது.